கரும்புத் தொட்டிலும் கடைசி மாத்திரையும்

கார்த்திகைத் தீபத் திருவிழாவின்போது, சிறப்பாகத் தேரோட்டத்தன்று, திருவண்ணாமலை மாடவீதிகளில் நிற்பவர்கள் ஒரு காட்சியைத் தவறாமல் காண்பார்கள். முழுக் கரும்புகளைச் சேர்த்துக் கட்டி, அதில் புடவையைத் தூளியாகத் தொங்கவிட்டு, உள்ளே பச்சிளங் குழந்தையைக் கிடத்தி, முன்னால் ஒருவரும் பின்னால் ஒருவருமாகத் தோள்கொடுத்துத் தூக்கி வருவார்கள். பெரும்பாலும் அவர்கள் அக்குழந்தையின் தந்தையும் தாயுமாகவே இருப்பார்கள். பிள்ளை வரம் வேண்டி அண்ணாமலையாரிடம் முறையிட்டவர்கள், வேண்டுதல் நிறைவேறியபின் செலுத்தும் காணிக்கை அது.

இவ்வூரில் பிள்ளைக்கும் பெருமானுக்கும் உள்ள உறவு சற்றே தனித்தன்மை உடையது. போசள மன்னன் வல்லாள மகாராஜனுக்கு மகப்பேறு இல்லை. அவனுக்கு அண்ணாமலையாரே குழந்தையாக வந்தார் என்பது தலபுராண மரபு. மன்னன் மறைந்தபின் அவனுக்கு நீர்க்கடன் செய்ய மகன் வேண்டுமல்லவா? ஆண்டுதோறும் மாசி மகத்தன்று அண்ணாமலையார் பள்ளிகொண்டாப்பட்டுக்கு எழுந்தருளி, தம்மை மகனாகக் கருதியவனுக்குத் திதி கொடுக்கும் வழக்கம் இன்றுவரை நடந்துவருகிறது. பிள்ளையாகவும் இருந்து, பிள்ளையையும் தருகிற தெய்வம் என்று இவ்வூர்ப் பெரியவர்கள் சொல்வது இதனாலேதான்.

அப்படி அவர் கொடுத்த பிள்ளை, கரும்புத் தொட்டிலில் மாடவீதி சுற்றிவந்த பிள்ளை, நான்கு வயதில் இரத்தப் புற்றுநோய் என்ற சொல்லோடு மருத்துவமனைக் கட்டிலில் படுத்தால், அந்த வீட்டு ஆயா என்ன செய்வாள்?

இரண்டாம் முறையாக அதே தொட்டிலை நேர்ந்துகொள்வாள். வேறென்ன செய்வாள்!

இக்கட்டுரை அத்தகைய ஒரு குடும்பத்தைப் பற்றியது. குறிப்பிட்ட ஒரு வீட்டின் கதையாக இதைக் கொள்ள வேண்டாம். சின்னக்கடைத் தெருப் பக்கத்தில் குடியிருக்கும் ஒரு வீடு என்று எண்ணிக்கொள்ளலாம். ஆட்டோ ஓட்டும் மகன், மருமகள், பத்து வயதுப் பேத்தி, ஏழு வயதுப் பேரன், இவர்களோடு அறுபதைக் கடந்த ஆயா. பேரனுக்குச் சிகிச்சை தொடங்கி மூன்றாம் ஆண்டு முடியப்போகிறது. கார்த்திகை மாதத்தில் கடைசி மாத்திரை. இத்தகைய வீடுகள் மாவட்டத்துக்கு மாவட்டம் இருக்கின்றன. அவற்றுள் நடப்பதைப் பெரியவர்கள் அறிந்துகொள்வது நல்லது. ஏனெனில் அந்த வீடுகளில் பாதிப் பாரத்தைச் சுமப்பவர்கள் தாத்தாவும் பாட்டியும்தான்.

ஓயாத காய்ச்சல்

நோய் பெரும்பாலும் ஆரவாரமின்றித்தான் வருகிறது. விட்டுவிட்டு வரும் காய்ச்சல், முகத்தில் வெளுப்பு, அடிபடாமலே கை கால்களில் நீலத்திட்டுகள், இரவில் கால் வலிக்கிறது என்ற அழுகை. முதலில் திருஷ்டி கழிப்பார்கள். பிறகு மந்திரித்துக் கயிறு கட்டுவார்கள். பக்கத்து மருந்துக்கடையில் கேட்டு ஒரு புட்டி மருந்து வாங்குவார்கள். இரண்டு மூன்று வாரம் கழித்து யாரோ ஒரு மருத்துவர் இரத்தத்தைப் பரிசோதிக்கச் சொல்ல, அன்று மாலையே வீடு தலைகீழாகிவிடும்.

குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் மிகுதியாகக் காணப்படுவது இரத்தப் புற்றுநோயே. அதிலும் லிம்போபிளாஸ்டிக் லுக்கேமியா என்னும் வகைதான் பெரும்பங்கு. திருவண்ணாமலையிலிருந்து வேலூர் ஏறத்தாழ 80 கிலோமீட்டர். புதுச்சேரி நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். சென்னை ஏறத்தாழ 190 கிலோமீட்டர். வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர், எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை, அடையாறு புற்றுநோய் மருத்துவமனை ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றே இம்மாவட்டத்துக் குடும்பங்கள் பலவற்றின் இரண்டாவது வீடாகிவிடுகிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தகுதியுள்ள குடும்பங்களுக்குச் சிகிச்சைச் செலவின் பெரும்பகுதியைத் தாங்குகிறது. ஆனால் பேருந்துச் செலவு, வெளியூரில் தங்குமிடம், தந்தை வேலைக்குப் போகாத நாட்களின் கூலி ஆகியவற்றை எந்தக் காப்பீட்டு அட்டையும் தருவதில்லை. மருமகளின் தாலிக்கொடி முதல் ஆண்டிலேயே அடகுக் கடைக்குப் போய்விடும். மஞ்சள் கயிற்றோடு அவள் மருத்துவமனைக்குப் போவதைப் பார்த்து ஆயா முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

முதல் மாதச் சிகிச்சை கடுமையானது. அது முடிந்ததும் பெரும்பாலான குழந்தைகளின் இரத்தத்தில் நோயணுக்கள் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடும். பிள்ளை எழுந்து விளையாடுவான். இட்லி கேட்பான். குணமாகிவிட்டது என்று வீடே மகிழும். உண்மையில் ஆபத்தான இடம் அதுதான். நோய் கண்டறியப்படும்போது உடலில் ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி நோயணுக்கள் இருக்கலாம் என்பது மருத்துவக் கணக்கு. அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு அழிந்தாலும் ஆயிரம் கோடி மிச்சம். கடனில் அசலைப் பெரும்பாலும் அடைத்துவிட்டு, மிச்சம் சொற்பம்தானே என்று விட்டவர்களை வட்டி எப்படித் தேடிவந்து பிடிக்கும் என்பது குடும்பம் நடத்தியவர்களுக்குத் தெரியும். அந்த மிச்சத்தைத் தேடித் தேடி அழிக்கத்தான் மேலும் இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகச் சிகிச்சை நீள்கிறது. இறுதிக் கட்டத்தில் இரவுதோறும் ஒரு மாத்திரை, வாரத்துக்கு ஒருமுறை மட்டும் மற்றொரு மாத்திரை, இடையிடையே ஊசி, இரத்தப் பரிசோதனை.

"பிள்ளை நல்லாத்தானே இருக்கான், இன்னும் எதுக்கு அந்த விஷத்தைக் குடுக்கணும்?" என்று ஆயா ஒருநாள் கேட்பாள். கேட்காத ஆயா இல்லை. நம் நாட்டில் குழந்தைகளின் சிகிச்சை நடுவழியில் நின்றுபோவதற்கு வறுமைக்கு அடுத்த காரணம் இந்தக் கேள்விதான் என்றுகூடச் சொல்லலாம். அன்பினால் கேட்கப்படுவதால் அதை மறுத்துப் பேசுவதும் எளிதன்று. இந்த வீட்டில் மருமகள் மறுத்துப் பேசவில்லை. அடுத்தமுறை மருத்துவமனைக்குப் போகும்போது, "அத்தை, நீங்களும் வாங்க, நீங்களே டாக்டரைக் கேளுங்க" என்று மாமியாரையும் அழைத்துப் போனாள். அந்த வார்டில் சிகிச்சையை விட்டுவிட்டு நோய் திரும்பி வந்த ஒரு பிள்ளையின் பாட்டி இருந்தாள். இரண்டு பாட்டிகளும் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அதன்பின் இரவு மாத்திரையை எடுத்துக் கொடுக்கும் பொறுப்பை ஆயாவே ஏற்றுக்கொண்டாள். விளக்கேற்றி, சாப்பாடு முடிந்து, பிள்ளை படுக்கப் போகும் முன் ஒரு தம்ளர் தண்ணீரும் மாத்திரையும். மூன்றாண்டில் ஒருநாளும் தவறியதில்லை.

யார் செய்த பாவம்?

மருந்தைவிடக் கசப்பான வேறொன்று இத்தகைய வீடுகளுக்குள் வருகிறது. பார்க்க வரும் உறவினர்கள் ஆரஞ்சுப் பழத்தோடு அதையும் கொண்டுவருவார்கள். "இந்தப் பச்சைப் புள்ளைக்கு இப்படியா? யார் செஞ்ச பாவமோ!" மருமகள் அடுக்களையில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பாள். கருவுற்றிருந்த காலத்தில் தான் செய்தது, செய்யாதது எல்லாம் அவள் மனத்தில் ஓடும். கிரகண நாளில் வெளியே போனோமோ, குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க மறந்தோமோ என்று ஆயாவும் தனியே எண்ணிக்கொண்டிருப்பாள்.

மருத்துவ அறிவியல் இதற்குத் தெளிவாகவே விடை சொல்கிறது. குழந்தைப் புற்றுநோய்களில் பத்தில் ஒரு பங்குக்குத்தான் பரம்பரையாக வரும் மரபணுக் காரணம் காணப்படுகிறது. மற்றவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் கண்டறியப்படவில்லை. தாய் உண்டதாலோ உண்ணாததாலோ வருவதன்று. ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதுமன்று.

ஆனால் வினைக்கொள்கையில் ஊறிய மனத்துக்கு அறிவியலின் விடை மட்டும் போதாது. அதற்கு இவ்வூரிலேயே வேறொரு விடை இருக்கிறது. 1896-ல் பதினாறு வயதுச் சிறுவனாக இம்மலையைத் தேடி வந்து, அதன்பின் இவ்வூரை விட்டே நீங்காதவர் பகவான் ரமண மகரிஷி. அவருடைய இடக்கையில் தோன்றிய கட்டியை 1949 பிப்ரவரியில் அறுவை செய்து நீக்கினார்கள். அது மீண்டும் வளர்ந்தது. புற்றுநோய் என்று தெரிந்தது. அவ்வாண்டு டிசம்பருக்குள் நான்கு அறுவைகள். ரேடியம் சிகிச்சையும் செய்தார்கள். கையையே எடுத்துவிடலாம் என்று மருத்துவர்கள் சொன்னபோது பகவான் இசையவில்லை. ஆனால் வந்த மருத்துவர்களையும் வைத்தியர்களையும் அவர் விரட்டவில்லை. ஆங்கில மருத்துவம், ஆயுர்வேதம், ஹோமியோபதி என்று அன்பர்கள் தம் ஆறுதலுக்காகச் செய்தவற்றையெல்லாம் ஏற்றுக்கொண்டார். தரிசனத்தை மட்டும் இறுதிவரை நிறுத்த விடவில்லை. 1950 ஏப்ரல் 14 அன்று இரவு அவர் உடல் நீத்தார்.

அந்த மகானுக்கு எந்தப் பாவத்தின் சம்பளமாக அந்நோய் வந்தது என்று கேட்க இவ்வூரில் ஒருவருக்கும் நா எழாது. ஏழு வயதுப் பிள்ளையைக் குறித்து மட்டும் அக்கேள்வி எப்படி எழுகிறது என்பதை, ஆரஞ்சுப் பழத்தோடு வருகிறவர்கள் எண்ணிப் பார்க்கவேண்டும்.

பெரிய புராணத்திலும் இதற்கு இடம் உண்டு. கொல்லி மழவன் தன் மகளுக்கு முயலகன் என்னும் நோய் கண்டபோது முதலில் மருத்துவம் பலவும் செய்தான். அவை பயன்தராத நிலையில்தான் திருப்பாச்சிலாச்சிராமத்துக் கோயிலில் அவளைக் கொண்டுபோய்க் கிடத்தினான். ஞானசம்பந்தப் பெருமான் அங்கு எழுந்தருளி அவள் நோயை நீக்கினார். அவளையோ அவள் தந்தையையோ நோக்கி ஒரு குற்றச் சொல்லும் அவர் சொன்னதாக வரலாறு இல்லை.

நித்தியகல்யாணி

அந்தப் பேரனின் கையில் மூன்றாண்டுகளாக ஏறிய மருந்துகளின் வரலாறு ஆயாவுக்குத் தெரிந்தால் வியந்துபோவாள். மாதந்தோறும் போட்ட ஊசிகளில் ஒன்று வின்கிரிஸ்டின். அது எடுக்கப்படுவது நித்தியகல்யாணிச் செடியிலிருந்து. நந்தவனங்களிலும் வீட்டு முற்றங்களிலும், யாரும் நீர் ஊற்றாமலே சுடுகாட்டு ஓரங்களிலும் வெள்ளையும் ஊதாவுமாகப் பூத்து நிற்கும் அதே செடிதான். மடகாஸ்கர் தீவில் தோன்றி உலகெங்கும் பரவிய அச்செடியின் இலையில் இம்மருந்து மிகமிகச் சிறிய அளவில் இருக்கிறது. அதைப் பிரித்தெடுத்துத் தூய்மையாக்கி, 1963-ல் அமெரிக்காவில் மருந்தாகப் பயன்படுத்த அனுமதித்தார்கள். இதைப் படித்துவிட்டு யாரும் நித்தியகல்யாணி இலையை அரைத்துச் சாறு கொடுக்க முற்படலாகாது. அச்சாறு நஞ்சு. அளவும் தூய்மையும் அறிந்து மருத்துவர் செலுத்தும்போதுதான் அது அமுதம்.

வாரம் ஒருமுறை கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரைக்குப் பின்னால் இருப்பவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895-ல் ஆந்திரத்துப் பீமவரத்தில் பிறந்தவர். சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும், மாநிலக் கல்லூரியிலும், சென்னை மருத்துவக் கல்லூரியிலும் படித்தவர். இளமையில் துறவு பூண்டு இராமகிருஷ்ண இயக்கத்தில் சேர விரும்பியவர். காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கல்லூரியில் கதராடை உடுத்தி அறுவைக் கூடத்துக்குப் போனதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாகக் குறைந்த தகுதியுள்ள சான்றிதழே பெற்றார். பின்னர் அமெரிக்கா சென்றார். ஊரில் விட்டுவந்த மனைவிக்குப் பிறந்த ஆண்மகவு குழந்தைப் பருவத்திலேயே இறந்தது. அந்தப் பிள்ளையை அவர் பார்த்ததே இல்லை.

லெடர்லே நிறுவனத்தில் அவர் தலைமையில் இருந்த குழுதான் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கியது. அதன் செயலைத் தடுக்கும் அமினோப்டெரின், மெத்தோட்ரெக்சேட் ஆகியவையும் அங்கிருந்தே வந்தன. பாஸ்டன் நகரத்து மருத்துவர் சிட்னி ஃபார்பர், 1947-ன் இறுதியில் இரத்தப் புற்றுநோயால் இறந்துகொண்டிருந்த குழந்தைகளுக்கு அமினோப்டெரினைக் கொடுத்துப் பார்த்தார். 16 குழந்தைகளுள் 10 பேரிடம் நோய் பின்வாங்கியது. நிலைத்த குணம் அன்று, சில மாதங்கள்தாம். ஆயினும் அதுவரை எந்த மருந்துக்கும் அசையாத நோய் முதன்முறையாக அசைந்தது. அச்செய்தி 1948 ஜூனில் மருத்துவ இதழில் வெளியாயிற்று. அதே ஆண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் உறக்கத்திலேயே உயிர் நீத்தார். வயது 53. யானைக்கால் நோய் மாத்திரையும் அவர் குழுவின் கொடைதான். வீடுவீடாக அதைக் கொண்டுவந்து கொடுத்தபோது வாங்கி உண்டவர்கள் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? நோபல் பரிசு அவருக்குக் கிட்டவில்லை. தன் பிள்ளையைக் காணாத ஒருவர், உலகத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் மருந்து தந்துவிட்டுப் போனார்.

அடையாற்றின் கதையும் இதனோடு சேர்ந்ததே. புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அத்துயரம் முப்பது ஆண்டுகள் அவர் நெஞ்சில் கிடந்து, 1954-ல் பன்னிரண்டு படுக்கைகளோடு ஒரு மருத்துவமனையாக எழுந்தது. அவர் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-ல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். குழந்தைகளுக்கென்று தனிப்பிரிவு 1960-லேயே அங்குத் தொடங்கியது. சாந்தா அம்மையார் திருமணம் செய்துகொள்ளவில்லை. மருத்துவமனை வளாகத்திலேயே வாழ்ந்து, 2021 ஜனவரியில், 93-ஆம் வயதில் மறைந்தார். 1980-களில் அடையாறு, மும்பை டாடா, டெல்லி எய்ம்ஸ் ஆகிய மூன்று மருத்துவமனைகளும் அமெரிக்க வல்லுநர்களோடு கூடி, நம் நாட்டு நிலைமைக்கேற்ற ஒரே சிகிச்சை முறையைக் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு வகுத்தன. பிழைப்பதே அரிது என்றிருந்த நிலை அதன்பின்தான் இந்நாட்டில் மாறத் தொடங்கியது.

இன்று செல்வ நாடுகளில் புற்றுநோய் கண்ட குழந்தைகளில் நூற்றுக்கு 80-க்கு மேற்பட்டோர் குணமடைகிறார்கள். ஏழை நாடுகள் பலவற்றில் 30 பேர்கூட இல்லை. நோய் ஒன்றே, மருந்தும் ஒன்றே. 2030-க்குள் உலகெங்கும் குறைந்தது 60 பேரையாவது காப்பாற்ற வேண்டும் என்று 2018-ல் உலக சுகாதார நிறுவனம் குறிக்கோள் வைத்திருக்கிறது.

முடியும்போது வரும் அச்சம்

சிகிச்சை முடியப்போகிறது என்றால் அந்த வீடு மகிழ்ச்சியில் திளைக்கும் என்றுதான் வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பார்கள். நடப்பது வேறு. நாள் நெருங்க நெருங்க மருமகளுக்குத் தூக்கம் போய்விடுகிறது. மாத்திரை இருக்கும்வரை ஏதோ ஒன்று காவல் நின்றது, அது நின்றுவிட்டால்? நோய் திரும்பி வருமானால் பெரும்பாலும் சிகிச்சை முடிந்த முதல் சில ஆண்டுகளுக்குள் வரும் என்று மருத்துவர் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். முதலில் மாதந்தோறும், பிறகு இடைவெளி விட்டு இரத்தப் பரிசோதனை உண்டு. ஐந்தாண்டு கடந்தால் கவலை பெரிதும் நீங்கும். "முடிஞ்சிடுச்சா, முடியலையா?" என்று ஆயா கேட்டாள். "மருந்து முடிஞ்சிடுச்சு பாட்டிம்மா. பார்த்துக்கறது முடியலை" என்றார் மருத்துவர்.

சில மருத்துவமனைகளில் சிகிச்சை முடித்த பிள்ளை மணி அடிக்கும் வழக்கம் வந்திருக்கிறது. 1996-ல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்துப் புற்றுநோய் மையத்தில், சிகிச்சை முடித்த இர்வ் லெ மாய்ன் என்னும் கடற்படை அதிகாரி ஒரு பித்தளை மணியைக் கொண்டுவந்து மாட்டி அடித்தார். கப்பலில் வேலை முடிந்தால் மணி அடிப்பது அவர்கள் வழக்கமாம். அங்கிருந்து அது உலகெங்கும் பரவியது. கோயில் மணி கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு அதை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆனால் மணியோசை கேட்கும் தூரத்தில், இனி மருந்து இல்லை என்று சொல்லப்பட்ட பிள்ளையின் தாயும் இருப்பாள். மூன்றாண்டுகளில் இந்த மருமகளோடு ஒரே பாயில் படுத்து, ஒரே டிபன் பெட்டியில் பகிர்ந்துண்ட தோழிகளில் இருவர், பிள்ளையில்லாமல் ஊர் திரும்பியிருக்கிறார்கள். அதனால் தன் மகன் மணியை மெதுவாக அடித்தால் போதும் என்று அவள் நினைக்கிறாள்.

பேத்தியைப் பற்றியும் ஒரு சொல். தம்பிக்கு நோய் வந்தபோது அவளுக்கு ஏழு வயது. மூன்றாண்டுகளாகப் பள்ளி ஆண்டுவிழாவுக்கு அவளுக்காக ஒருவரும் போகவில்லை. பிறந்தநாளன்று தாய் வேலூரில் இருந்தாள். ஒருநாள் அவள் ஆயாவிடம், "எனக்கும் காய்ச்சல் வந்தா அம்மா வருவாங்களா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் ஆயா அவளை மட்டும் கைப்பிடித்துக் கோயிலுக்கு அழைத்துப் போகிறாள். அம்மணி அம்மன் கோபுர வாசலில் உட்கார்ந்து அவள் பள்ளிக்கதை முழுவதையும் கேட்டுவிட்டுத்தான் வீடு திரும்புவாள்.

அம்மையும் மொட்டையும்

ஆயா கற்றுக்கொண்டவை சில உண்டு. அவற்றைப் பிற பாட்டிகளும் அறிவது நலம். சிகிச்சையில் உள்ள பிள்ளைக்கு நோய் எதிர்க்கும் ஆற்றல் மிகக் குறைவு. மற்றப் பிள்ளைகளுக்கு வேப்பிலையோடு பத்து நாளில் இறங்கிவிடும் சின்னம்மை, இவர்களுக்கு உயிருக்கே ஆபத்தாகலாம். தெருவில் ஒரு வீட்டில் அம்மை கண்டால், ஆயா முன்பெல்லாம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றிவிட்டு அந்த வீட்டு வாசலில் நின்று நலம் விசாரித்து வருவாள். இப்போது அந்தத் தெருப்பக்கமே போவதில்லை. பள்ளியில் ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைக்கு அம்மை என்று தெரிந்ததும், கொப்பளம் வரட்டும் என்று காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொன்னார்கள். சொன்னதற்கு மருத்துவர் நன்றி கூறினார். அம்மனுக்குச் செய்ய வேண்டியதை ஆயா தனியே செய்தாள். இரண்டுக்கும் இடையே அவளுக்குச் சண்டை தோன்றவில்லை.

கோயில் பிரசாதத்திலும் அப்படியே. சூடாக வந்த வெண்பொங்கல் என்றால் பிள்ளைக்கு ஒரு வாய் உண்டு. வெகுநேரம் திறந்திருந்த தயிர்சாதமும், காய்ச்சாத நீரில் எடுத்த தீர்த்தமும் ஆயாவோடு சரி. திருநீற்றை மட்டும் நெற்றியில் இடுவாள். கிரிவலத்துக்குப் பௌர்ணமிக் கூட்டத்தில் அவனை அழைத்துப் போவதில்லை. நாட்டு வைத்தியர் ஒருவர் கொடுத்த சூரணத்தை, மருத்துவரிடம் காட்டிக் கேட்டு, அவர் வேண்டாம் என்றதும் பரணில் வைத்துவிட்டாள்.

மொட்டை விஷயத்தில்தான் அவள் மனம் ஆறவில்லை. நோய் வந்த அன்று நேர்ந்துகொண்டவற்றுள் அதுவும் ஒன்று. சிகிச்சைக் காலத்தில் சவரக்கத்தி படலாகாது, சிறு கீறலும் குருதியை நிற்கவிடாது என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். முதல் ஆண்டிலேயே மருந்தின் வேகத்தில் பிள்ளையின் தலைமுடி முழுதும் உதிர்ந்து, தலையணையெல்லாம் கற்றை கற்றையாகக் கிடந்தது. தாய் அதைப் பார்த்து அழுதபோது ஆயா ஒன்றும் பேசாமல் முடியைத் திரட்டி ஒரு துணியில் கட்டினாள். "அண்ணாமலையாரே எடுத்துக்கிட்டாரு, நாம குடுக்கறதுக்கு முன்னாடி" என்று சொல்லிவிட்டு மகனை அனுப்பினாள். அவன் போய்த் தன் தலையை மழித்துக்கொண்டு வந்தான். அன்று அந்த வீட்டில் அப்பனும் பிள்ளையும் மொட்டைத் தலையோடு எதிரெதிரே உட்கார்ந்து சிரித்தார்கள்.

இப்போது பிள்ளைக்கு முடி வளர்ந்திருக்கிறது. முன்பைவிடச் சுருளாக.

மிச்சமிருப்பது கரும்புத் தொட்டில். இந்தக் கார்த்திகைக்கே செலுத்திவிட வேண்டுமென்பது ஆயாவின் ஆசை. மாத்திரை நின்றபின்னும் உடலின் எதிர்ப்பாற்றல் பழைய நிலைக்கு வரச் சில மாதங்கள் ஆகும், லட்சக்கணக்கானோர் கூடும் திருவிழாவுக்கு இவ்வாண்டு வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். நேர்ந்ததைத் தள்ளிப்போட்டால் தெய்வக் குற்றமாகுமோ என்று ஆயா இரண்டு நாள் சரியாக உண்ணவில்லை. மன்னனுக்கு மகனாக இருக்கச் சம்மதித்து, அவன் போனபின்னும் ஆண்டுதோறும் திதி மறவாத பெருமான், ஒரு பாட்டிக்காக ஓராண்டு காத்திருக்க மாட்டாரா? கோயிலில் அவள் அறிந்த குருக்களும் ஏறத்தாழ அதையே சொன்னார். பிள்ளையின் கவலை வேறு. "அடுத்த வருஷம் எனக்கு எட்டு வயசு ஆயா. கரும்பு ஒடிஞ்சிடும். நான் கரும்பைப் பிடிச்சுக்கிட்டு நடந்தே வரேன்." அதுவும் ஏற்புடையதுதான் என்று முடிவாயிற்று.

தீபத்தன்று மாலை வீட்டார் அனைவரும் மொட்டை மாடிக்கு ஏறினார்கள். இவ்வூரில் பிறந்தவர்களுக்கு இந்த ஒரு பேறு உண்டு. மகாதீபத்தைக் காணக் கூட்டத்துக்குள் போகவேண்டியதில்லை. மலையே இலிங்கம். ஆறு மணிக்குக் கோயிலிலிருந்து வெடியோசை எழுந்தது. 2,668 அடி உயர உச்சியில் ஒரு புள்ளியாகச் சுடர் தோன்றி, காற்றில் சாய்ந்து, பிறகு நிமிர்ந்து நின்றது. தெருவெங்கும் அரோகரா என்ற குரல். பேத்தி அகல்களை வரிசையாக ஏற்றி வைத்துக்கொண்டிருந்தாள். மகன் கைகூப்பி நின்றவன் நெடுநேரம் கையை எடுக்கவில்லை.

கடைசி மாத்திரை முந்திய இரவே முடிந்திருந்தது. சாப்பாடு முடிந்து பிள்ளை பாயை விரித்ததும், ஆயா வழக்கம்போல ஒரு தம்ளரில் தண்ணீர் மொண்டுவந்து அலமாரியைத் திறந்தாள். பெட்டி காலியாக இருந்தது. அவள் சற்று நேரம் அப்படியே நின்றாள்.

"இன்னைக்கு மாத்திரை இல்லை ஆயா" என்றான் பிள்ளை.

"தெரியும்டா. தண்ணியக் குடிச்சிட்டுப் படு" என்று தம்ளரை நீட்டினாள். சுவரில் தொங்கிய நாட்காட்டியில், அடுத்த மாதத்து இரத்தப் பரிசோதனைத் தேதியை மருமகள் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருந்தாள்.